இடது பக்கம், மூன்றாவது வரிசை

திருவனந்தபுரம்
புதன்கிழமை

அன்பு மகள் அஞ்சுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். சென்னையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை விட்டபாடில்லை, தம்பானூரில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர்.

உன் கச்சேரிக்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. நீ தருவதாகச் சொன்ன பாஸ் அப்பாவுக்கு வேண்டாமாம். மகள் முதல்முறையாகத் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறாள், காசு கொடுத்துத்தான் கேட்பேன் என்கிறார். ஆனால் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து சீட் எடுக்க மாட்டாராம். பழவங்காடிப் பாத்திரக் கடையில் இத்தனை வருஷம் உருளியையும் விளக்கையும் தட்டி, சத்தம் கேட்டே வாங்கிய மனுஷர் அல்லவா? உட்கார்ந்து கேட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கழக்கூட்டத்தில் நீ பாடப்போகும் அரங்கத்துக்கே போய்விட்டோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் நாற்காலிதான். காவலுக்கு இருந்த ஸ்ரீகுமார், பத்து மினிட்டு மாத்திரம் சேச்சி, மேனேஜர் சார் கண்டால் என் ஜோலி போகும் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

அப்பா என்னை மேடையில் ஏற்றி, ஏதாவது பாடு என்றார். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. குழந்தையில் நீ தூங்கிவிட்டதுபோல நடித்து என் தாலாட்டை நிறுத்துவாய். கேட்டால் கை தூக்குவதாக ஏற்பாடு. நல்ல காது வலது காது என்பதால் இடது ஓரமாகவே உட்கார்ந்து பார்த்தார். பின்னால் தூக்கவில்லை. நடுவிலும் இல்லை. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் தூக்கினார். ஸ்ரீகுமார் சிரித்தார். எனக்கு மட்டும் மனசில் ஏதோ இடித்தது. புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினேன். பாட்டு முடிந்ததாக நினைத்து அவர் எழுந்து வந்தார். இதே இடம்தான் வடிவு, மணிபோலக் கேட்கிறது என்றார்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் அவருடைய காது டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு காதும் போய்விட்டன, ஓணத்துக்கு முன்பே சாரிடம் சொன்னேனே என்கிறார். நரம்பே வாடிவிட்டதாம். மெஷினும் ஆபரேஷனும் இனிப் பிரயோஜனம் இல்லையாம். நான் கத்துவது விழாததுபோல நடிக்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நீ போன் செய்யும்போது அவர் ம்ம், ஆகட்டும் மோளே என்பதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான். இதைப் போனில் சொல்லலாம் என்றால் என் வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். அதனால்தான் கடிதம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பிறகுதான் நினைவு வருகிறது, குழாய் எதற்கு?

உன் பாட்டை அவர் கேட்கப் போவதில்லை அஞ்சு. எந்தச் சாமியை வேண்டியும் பலனில்லை. ஆனால் நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம், நீ ஒன்றும் கேட்டுவிடாதே. நாளை அந்த மூன்றாவது வரிசையையே எடுத்துவிடுகிறோம்.

பிள்ளையார் உன் குரலுக்குத் துணையாக இருக்கட்டும். அம்மாவுக்காக ஒன்று மட்டும் செய். உன் முறை வரும்போது உனக்கு வலது பக்கமாக, மேடை ஓரத்துக்கு வந்து நில். மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி மகளே. உதடு மறையக் கூடாது.

உன்னைப் பார்க்க வரும்,
அம்மா
வடிவாம்பாள்