ரேடியோவுக்குத் தெரியாமல் போன பெயர்

எங்களையெல்லாம் கரையில் விட்டுவிட்டு முந்திக்கொண்டு போன என் அருமை மாப்பிள்ளை சூசைக்கு,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று கல்மண்டபத்துத் தூணில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ நம்புவாய். செத்தவர்களுக்கு வேறென்ன வேலை? உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்கள் நம்பாவிட்டால் போகட்டும்.

எனக்கு இப்போது இருக்கிற கோபத்தைக் கொண்டுபோய் பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் வைத்தால் ஒரு மாதத்துக்கு அவர்களுக்குக் கரியே வேண்டாம். எல்லாம் அந்த ரேடியோவால் வந்தது.

உன் தொண்டையை ராயபுரம் கண்டுபிடித்த அழகு உனக்கு நினைவிருக்கிறதா? கரையில் பெரிய வலை இழுக்கும்போது முன்னால் நின்று அம்பா பாடுகிறவன் நீ. நீ ஒரு அடி பாட, கயிற்றைப் பிடித்த கூட்டம் மொத்தமும் "ஏலேலோ" என்று பதில் சொல்லி இழுக்கும். வருஷக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டேதான் இந்த ஊர் பல் தேய்த்தது. "காலங்காத்தால இன்னாடா பேஜாரு!" என்று ஜன்னலைச் சாத்தியது. ஒருவனாவது அதைப் பாட்டு என்று சொன்னானா?

ரேடியோ நிலையத்திலிருந்து ஒருவர் புதுப் பாடகர்களைத் தேடிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். உன்னைக் கேட்டார். நாட்டுப்பாடல் நேரத்துக்கு வந்து பாடு என்றார். நீ பாடப் போன அன்று சாயங்காலம், ஊர் கூடி ரேடியோ கேட்கிற நம் பார்க்கில் கம்பத்தின் உச்சியில் மாட்டிய ஒலிபெருக்கிக் குழாய் உன் பெயரைச் சொன்ன பிறகுதான், "அட, நம்ம சூசைக்குப் பாட வர்து பாரேன்!" என்று ஊர் வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டுக் குரல் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர, பட்டணத்தைச் சுற்றிக் கம்பத்தில் ஏறி இறங்க வேண்டியிருந்தது! இந்த அநியாயத்தை நான் எந்தக் கோர்ட்டில் சொல்வது?

அன்றைக்கு எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை ஒரு வீட்டிலும் ஆளில்லை. பார்க்கில் இடம் போதாமல் பாதிப் பேர் மரத்தில் இருந்தார்கள். மீதிப் பேர், மரத்தில் இருந்தவர்களின் தோளில். நீ நிலையத்துக்குத் தனியாகப் போயிருந்தாய். பழக்கதோஷத்தில் ஒரு அடி பாடிவிட்டு, பதிலுக்காக நிறுத்தினாய். அங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? பார்க்கில் நாங்கள் சொன்னோம். உன் காதில் விழாது என்று தெரிந்தும் சொன்னோம்.

பிறகு நடந்ததை நீயே என்னிடம் சொன்னாய். உனக்குக் கொடுத்த நேரம் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாராம். பாவம், அவர் கடலைக் கண்டாரா? தோணியிலிருந்து ஒருவன் கையை ஆட்டினால் நம் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வலையில் மீன் நிறைந்திருக்கிறது, வேகமாக இழு. நீயும் வேகத்தைக் கூட்டினாய். அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். கண்ணில் பட்டதையெல்லாம் பாட்டில் சேர்ப்பது அம்பா பாடுகிறவனின் வழக்கமாயிற்றே, அவரையும் சேர்த்துவிட்டாய்:

"கண்ணாடி வூட்டுக்குள்ள
கையெ கையெ ஆட்டுறாரு
மீனு ரொம்பக் கீதுன்னு
மெய்யாலுமே சொல்றாரு!"

பார்க்கு சிரித்த சிரிப்பில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தோடு நகர்ந்தன. ஒன்று கொழும்புக்கே போய்விட்டது.

திடீரென்று உன் குரல் அறுந்தது. வலையின் மடி மணலுக்கு வந்து சேரும்வரை அம்பா நிற்காது. நடுவில் நின்றால், யாரையோ தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று பொருள். உன் பெண்டாட்டி, என் தங்கை பிலோமினா, மார்பில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, மேரி அப்பாவுக்கு இன்னாமோ ஆய்ப்போச்சு!" குழாயில் ஒருவர் நிதானமாகச் செய்தி வாசிக்கத் தொடங்கியிருந்தார். ரேடியோ நிலையத்துக்குள் ஏது கடல் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். வலைக்காரர்கள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன்.

யானைகவுனிப் பாலத்தில் நீ வேர்க்கடலை கொறித்துக்கொண்டு எதிரே வந்தாய்.

"இன்னா மச்சான், கயித்தோட எங்க கெளம்பிட்டீங்க?"

"உன்ன இஸ்துகினு வரத்தான்டா! பொயச்சிக்கினியா?"

"நான் இன்னா சுறாவா, என்ன இஸ்க்க? கடல துன்னு."

அதன்பின் நிலையத்தார் உன்னைக் கூப்பிடவே இல்லை. நேரம் தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கோ ஒரு வருத்தமும் இல்லை. நாட்டுப்பாடல் நேரம் தவறாமல் பார்க்கில் வந்து உட்கார்ந்தாய். எந்த ஊர் என்றே தெரியாத வண்டிக்காரரும், நாற்று நடுகிற பெண்களும், உடுக்கைக்காரக் கிழவரும் அந்தக் குழாய் வழியாக வந்து உனக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். "இந்தாளு புச்சு மச்சான், போன தபா வர்ல. இன்னா தொண்ட பாரு!" என்று, ஏதோ உன் வீட்டில் பிள்ளை பிறந்ததுபோல் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன்னை வேண்டாமென்று தள்ளிய பெட்டிக்கு உன்னைப்போல் ஒரு காதலன் கிடைப்பானா?

நீ போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் அதே குழாய், அதே நேரம். ஒரு பெரிய வித்வான் ஆர்மோனியம், வயலின் சகிதமாக உன் பாட்டைப் பாடினார். அன்றைக்கு நிலையத்தில் யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு அடி விடவில்லை. அந்தக் கண்ணாடி வீட்டுக்காரரைக்கூட விடவில்லை! அவர் கையை ஆட்டுவதை மட்டும் அப்படியே உருகி உருகி, பரலோகத்திலிருந்து யாரோ அழைப்பதுபோல் பாடினார். கொடுத்த நேரத்தில் கச்சிதமாக முடித்தார். உடனே அறிவிப்பாளர் சொன்னார்: "பெயர் தெரியாத மீனவர்கள் காலங்காலமாகப் பாடி வரும் பாடல் இது."

காலங்காலமாகவா? கண்ணாடி அறைக்குள் நின்று கையை ஆட்டுகிற மனிதர் சோழர் காலத்திலிருந்து எங்கள் கடலில் மிதந்துகொண்டிருக்கிறாரா? பெயர் தெரியாதா? அன்று அதே குழாயில் உன் பெயரைச் சொன்னது யார், என் பாட்டனா?

பார்க்கு எழுந்து கர்ஜித்தது, மாப்ளே. "சூசை!" என்று ஊர் போட்ட கூச்சலில் குழாய் நசுங்கியது, கம்பம் வளைந்தது, நிலையத்தின் கண்ணாடி நொறுங்கி அறிவிப்பாளர் மடியில் கொட்டியது.

சரி, போதும். கம்பம் நேராகத்தான் நிற்கிறது. பார்க்கில் நேற்று இருந்ததே கொஞ்சம் பேர்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். இந்தக் கர்ஜனையில் ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் மெய்.

பிலோமினா எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் உன் பெயரை யாரும் கேட்டதில்லை. நீகூடக் கேட்டிருக்க மாட்டாய். மேரி அப்பா, வூட்டுக்காரரு, அவரு. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கோயிலில் ஜெபமாலை சொல்லும்போதுகூட 'சூசையப்பர்' என்று புனிதர் பெயர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறவள் அவள். நேற்று அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்து, சத்தம்கூடப் போடாமல் சொன்னாள்: "பேரு சூசை."

நாளைக் காலையில் அவளோடு ரேடியோ நிலையத்துக்குப் போகிறேன். அங்கே அவள் பேசுவாள். நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனும் உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமனுமான
இருதயம்