சூட்டோடு கேட்ட துண்டு

காலையில் காரட் துருவும்போது பெருவிரலைச் சீவிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாய் என்று நினைத்தேன். உடனே அழுகை வந்தது. விரலுக்காக இல்லை.

உன் சின்ன மகள் சாயங்காலம் வருகிறாள். அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். "அம்மாவோட கேக்கு ஒண்ணு செஞ்சு தரணும் சித்தி" என்று கேட்டாள். நீ போன இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். எப்படி முடியாது என்பேன்?

மட்டாஞ்சேரியில் நம் சந்துக்குக் கேக் வாசனையைக் காட்டியவளே நீதான். ஃபோர்ட் கொச்சியில் வேலைக்குப் போன பங்களாவில் பார்த்துக் கற்றுக்கொண்டாய். அங்கே இருந்த அடுப்பு நமக்கு ஏது? அலுமினியப் பானையில் மணலைப் பரப்பி, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்டு வேகவைத்தாய். காரட்டும் கனிந்த ஏத்த வாழைப்பழமும் அன்னாசியும் சேர்ந்து வெந்தால், எதிரே மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் சுக்கு நெடிகூடத் தோற்றுப்போகும். ஆனால் அன்றே வெட்ட யாரையும் விடமாட்டாய். "இன்னிக்குத் தொட்டா கைய ஒடிப்பேன். நாளைக்குத்தான் பழத்தோட ஈரம் உள்ள எறங்கும்" என்பாய். பிள்ளைகள் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அசையமாட்டாய். கல்நெஞ்சுக்காரி என்று உன்னைக் கேலி செய்வோம்.

தொண்டையில் அந்த நோய் வந்தபின் உனக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டுமே இறங்கியது. அதிலும் பாதி வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை, புரிந்துகொள்ள மறுத்தேன். நீ ஏதாவது தின்றால் பிழைத்துவிடுவாய் என்று பைத்தியம் மாதிரி நம்பினேன். படகேறி எறணாகுளம் மார்க்கெட்டுக்குப் போய்க் காரட் வாங்கி வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நீ கட்டிலில் கிடந்தபடி பார்க்கட்டும் என்று உன் வீட்டிலேயே, உன் பானையிலேயே வேகவைத்தேன்.

மூடியைத் திறந்ததும் கண் விழித்தாய். "எடீ, சூட்டோட ஒரு துண்டு தா" என்றாய். காற்றுதான் வந்தது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு நீயாகக் கேட்டது. நான் என்ன செய்தேன்? மேல்பக்கம் மொறமொறவென்று இருந்தது. உன் தொண்டையைக் கிழித்துவிடுமோ என்று பயந்தேன். ஒரு நாள் போனால் பஞ்சாகிவிடும், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். "நாளைக்குத் தரேன். உன் சட்டம்தானே" என்றேன், சிரித்துக்கொண்டே. நீயும் சிரிக்கப் பார்த்தாய். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். பிள்ளைகள் கண்ணில் பட்டால் மிஞ்சாது என்று நான் கேக்கைத் துணியில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மறுநாள் விடியும்போது நீ இல்லை.

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துச் சோறு வந்து சேர நேரமாயிற்று. பசியில் சிணுங்கிய உன் பிள்ளைகள் இரண்டையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்து, வேறு ஒன்றும் இல்லாததால் அந்தக் கேக்கை வெட்டிக் கொடுத்தேன். கத்தி ஈரமாக வெளியே வந்தது. அவ்வளவு பதமாக அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. சின்னவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "இது அம்மா செஞ்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்றுவரை அவள் அப்படித்தான் நம்புகிறாள். சாவதற்கு முந்தின நாள் எழுந்து தங்களுக்காகக் கேக் செய்துவைத்த அம்மா என்று, கட்டிக்கொள்ளப் போகிறவனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியமில்லை. மனசில் வைத்துக்கொண்டு மூச்சுவிடவும் முடியவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நீ கேட்டாய். கேக் என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.