இரண்டு மணி பெஞ்சின் கூரையை எடுக்க வேண்டாம்

அனுப்புநர்:
நிருபர் (ஊரார் வாயில் 'வெயிலக்கா'),
நான்கு பக்க மாலை நாளிதழ்,
பேருந்து நிறுத்தம் எதிரில், பேக்கரி மாடி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பேருந்து நிறுத்தத்து இரும்புப் பெஞ்சின் மேலுள்ள தகரக் கூரையை ஏழு நாளுக்குள் அகற்றும்படி வந்த அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த திங்களன்று கூரைத் தூணில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு (பசை நன்றாகவே பிடித்திருக்கிறது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கூரையை எங்கள் பத்திரிகை அனுமதியின்றி அமைத்ததாக அறிவிப்பில் கண்டுள்ளது. நாங்கள் அதன் படத்தை முதல் பக்கத்தில் போட்டோமே தவிர, கூரையைப் போடவில்லை. தூண் நடும் தெம்பு எங்கள் ஆசிரியருக்கு இருந்தால் மாடிப்படி ஏறும்போது மூன்று முறை நின்று மூச்சு வாங்க மாட்டார். ஆயினும் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

2. இவ்வாண்டு உலகமே வெயிலில் தகிப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பெரிய பத்திரிகைக்காரர்கள் அதை மாநாடுகளில் அமர்ந்து எழுதுகிறார்கள். எங்களை எந்த மாநாட்டுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. இணையவழிப் பயிற்சி ஒன்றில், என்னைப் போலவே சின்னப் பத்திரிகைகளில் மல்லுக்கட்டும் பதினொரு நிருபர்களைச் சந்தித்தேன். ஆளுக்கொரு நாடு; மொத்தம் எட்டு மொழி. பன்னிரண்டு பேரும் கூடிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவரவர் ஊரில் மக்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் இரும்புப் பெஞ்சின் சூட்டை, அந்தந்த ஊர்க் கடிகாரப்படி பிற்பகல் இரண்டு மணிக்கு அளக்க வேண்டும். பன்னிரண்டு எண்களையும் பன்னிரண்டு பத்திரிகைகளிலும் தினமும் வெளியிட வேண்டும்.

3. இதைக் கேட்டு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் நாத்தனார், “உலகமே பத்திக்கிட்டு எரியுது, நீ பெஞ்சைத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்கியா?” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தாலும் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்தார். அது முதல் நாளே உயிரை விட்டது. பிறகு பேக்கரி மாஸ்டரின் அடுப்பு வெப்பமானியை இரவல் வாங்கி வைத்தேன். 61 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் மாவை வைத்தால் பொங்காது, செத்தே போகும் என்றார் மாஸ்டர்.

4. பத்திரிகையின் இந்தப் பகுதி ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குளிர்காலம் நடக்கும் ஓர் ஊரில் பெஞ்சு 4 டிகிரி என்று போட்டபோது, அந்த நிருபர் பெண்ணுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று மருந்துக்கடைக்கு வந்தவர்களெல்லாம் என் நாத்தனாரைக் குடைந்தார்கள். விசாரித்துச் சொன்னேன், இரண்டு இருக்கிறதாம். இன்னொரு நிருபர் பதினெட்டு நாள் மரப் பெஞ்சை அளந்துவிட்டு, எட்டு மொழிகளில் மன்னிப்புக் கேட்டார். நாங்களோ இருபத்து மூன்று நாள் தொடர்ந்து முதலிடம். எங்கள் ஆசிரியர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

5. அந்தப் பெஞ்சில் வாரம் மூன்று நாள் ஒரு தையற்காரர் காத்திருக்கிறார். ரத்தச் சுத்திகரிப்புக்காக இரண்டு இருபது பேருந்தில் மருத்துவமனைக்குப் போகிறவர். நிற்க முடியாது, உட்கார்ந்தால் சுடும். ஆகவே எங்கள் பத்திரிகையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். எதிரில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் இதைத் தினமும் பார்த்தவர். ஒரு நாள் பத்திரிகையில் 61 என்ற எண்ணையும் பார்த்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் மச்சானையும் அழைத்து வந்து, நான்கு குழாய் நட்டு, தகரத்தைப் போட்டுவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, அது தவறுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

6. மறுநாள் பெஞ்சு 39 டிகிரி. பட்டியலில் பத்தாம் இடத்துக்கு விழுந்தோம். தோற்றதற்காக நான் இத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, ஐயா. படம் மற்ற ஊர்களுக்கும் போனது. இரண்டே வாரத்தில் நான்கு ஊர்களில் பெஞ்சுக்கு நிழல் வந்துவிட்டது. ஓர் ஊரில் பழைய படகுப் பாய், இன்னொன்றில் முடிதிருத்துபவரின் கடைப் பந்தல். மீதி ஏழு ஊர்க்காரர்கள் தங்கள் நகராட்சி அலுவலகங்களில் காட்டுவதற்கு எங்கள் நகராட்சியின் அனுமதி நகலை அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறார்கள். என்னிடம் இருப்பதோ அகற்றும் அறிவிப்பு மட்டும். கூரையை எடுத்தால் அடுத்த நாள் எண் மறுபடி 61 ஆகும். காரணத்தையும் எட்டு மொழிகளில் போட்டாக வேண்டும். இது மிரட்டல் அல்ல, எங்கள் ஏற்பாடு அப்படி.

7. அறிவிப்பை ஒட்ட வந்த தங்கள் ஊழியர், பசை காயும்வரை அதே கூரையடியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன். அவர்மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நல்ல வெயில் அன்று.

8. ஆகவே, பொறியாளரை அனுப்பித் தூண்களின் உறுதியைப் பார்த்து, குறை இருந்தால் வெல்டரைக்கொண்டே சரிசெய்து, கூரைக்கு முறையான அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். அனுமதியின் ஏழு நகல்கள் தேவை. முத்திரை தெளிவாக விழுந்தால் நல்லது. தாங்களே ஒரு நாள் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

9. எழுதாமல் விட மனம் வராத ஒன்று. கூரை வந்த மறுநாள் வெப்பமானியோடு போனேன். தையற்காரர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகை அவர் கையில் விரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னார்: “இன்னைக்குத்தாம்மா உன் பேப்பரைப் படிக்கிறேன். இத்தனை நாளா அது மேல உக்காந்துதான் இருந்தேன்.”

இருபது வருடமாக நிருபராக இருக்கிறேன், ஐயா. இந்த ஒரு வாசகரைத் தயவுசெய்து திரும்பவும் வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி, 39 டிகிரி.
இடம்: மேற்படி பெஞ்சு.

தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
வெயிலக்கா

இணைப்பு: கூரைக்கு முன்னும் பின்னும் வந்த இதழ்கள் இரண்டு. முதல் இதழ் நான்காக மடிந்து கசங்கியிருப்பதற்குப் பொறுத்தருளவும்.