சூடாக இருந்த சார்ஜர்

அன்புள்ள அக்கா,

மலைக்கு வந்து நாலு மாசம். இங்கே கரண்ட் கிடையாது, சோலார்தான். செல்போன் சனியனே வேண்டாமென்று எல்லாருடையதையும் விற்றவர் என் வீட்டுக்காரர்.

தினமும் மத்தியானம் பேட்டரி குறைகிறது. கேட்டால், "உன் மிக்ஸிதான் குடிக்குது" என்று பழியைத் தூக்கி அதன்மேல் போடுகிறார். மூன்று நாள் மிக்ஸியைத் தொடவேயில்லை. அப்போதும் குறைந்தது.

நேற்று அவர் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனதும் பேட்டரி அறைக்குள் நுழைந்தேன். பலகைக்குப் பின்னால் ஒரு செல்போன் சார்ஜர், தொட்டால் சூடு. போனைக் காணோம்.

யாரோடு பேசுகிறாரோ, உன்னிடம் சொல்லி அழலாமென்றுதான் உட்கார்ந்தேன். முதலில் உன் போன கடிதத்தை எடுத்துப் படித்தேன். "சறுக்கி விழுந்தியே, கால் தேவலையா?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் விழுந்ததை உனக்கு எழுதவேயில்லையே, அக்கா.

பதிலை அவரிடம் சொல்ல வேண்டாம். எனக்கே எழுது.

உன் தங்கை