பின் தூங்

சைகோன், பென் தான் சந்தைப் பக்கம்

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

வயிரவன் எழுதுவது. நான் நல்ல சுகம், என் தொந்தியே சாட்சி. நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். ஊருக்குக் கிளம்பும் ஷம்சுல் ஆலம் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி. சிரிக்கவாவது செய்.

கடை ஓடுகிறது. சாம்பாரில் எலுமிச்சைப்புல் போட்டால் இந்த ஊர்க்காரர்கள் வருவார்கள் என்றார் முதலாளி ராமாமிர்தம் அண்ணன். "அவுக வருவாக, நம்மாளுக எந்திரிச்சுப் போயிருவாக" என்றேன். கரண்டியை ஓங்கிவிட்டார்.

மதியம் தயிர்சாதத்துக்கு ஒரு பெண் வருகிறாள். தெய்வயானை, தேவகோட்டைப் பிள்ளை. பெரிய படிப்பு. இங்கே மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சி செய்கிறாள். நோயாளிகளைப் பற்றி இல்லை, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், ஆயாக்களைப் பற்றி. ஏன் ஆள் போதவில்லை, இருப்பவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று. "பைத்தியத்தப் பாக்கப் போயி பைத்தியம் இல்லாத ஆளையா தேடுறே?" என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். நீயும் அந்தச் சொல்லுக்கு என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறாய்! என் பெண்சாதியும் ஊரில் மனநோய் வார்டு நர்ஸ்தான் என்றேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன்.

இந்த ஊரில் எப்படி இருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் "பின் தூங்" என்பார்கள். வந்த புதிதில், பின்னால் தூங்கிக்கொள் என்று தமிழில்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் ஒரு அண்டா பாத்திரம் கழுவினேன். அப்புறம்தான் தெரிந்தது, அதற்கு அர்த்தம் 'எப்பவும் போலத்தான்'.

போன வாரம் தெய்வயானை சோற்றில் கை வைக்கவில்லை. அவள் பேட்டி எடுத்த ஒரு நர்ஸ், வயதில் மூத்தவள். எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே "பின் தூங்" என்றிருக்கிறாள். இப்போது அந்த அம்மாள் வேலைக்கு வருவதில்லை. வீட்டில் தலை சீவாமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம். "நல்லா இருக்காங்கன்னு நானே எழுதிக்கிட்டேன்ணே" என்று அழுதாள் தெய்வயானை. நான் மோர் ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்யத் தெரியும்?

சௌந்தரம், நீ போனில் சொல்லும் இரண்டு சொல்லும் அதேதான். எப்பவும் போலத்தான்.

நான் மீசைக்கு மை பூசி போட்டோ அனுப்பினேன். பழைய சௌந்தரமாக இருந்தால் அந்த மீசையை வைத்து ஒரு மாதம் என்னைக் கிழித்திருப்பாள். நீ "சரிங்க" என்றாய். கூட இருந்த இரண்டு நர்சுகளும் வேலையை விட்டுப் போய், அவர்கள் வார்டையும் நீயே பார்க்கிறாயாம். சாதம் பொங்கி அடுப்பு அணைந்தும், நீ அதைப் பார்த்தபடியே நின்றாயாம். உன் தங்கை ராஜம்தான் சொன்னாள். நான்தான் மிரட்டிக் கேட்டேன், அவளை ஏசாதே.

நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இங்கே பெண்கள் சாமிக்குப் பின்னால் இருக்கும் கல்லில் நெற்றியை வைத்து, மனதில் உள்ளதைக் காதில் ஓதுவது போல ஓதுவார்கள். நான் பின்னால் நின்று கேலி பண்ணுகிறவன். நேற்று நானும் நெற்றியை வைத்தேன். உன் பேரைச் சொன்னதும் மேலே பேச வரவில்லை. பின்னால் நின்ற கிழவி தோளைத் தட்டி, நிதானமாகச் சொல் என்பது போலக் கை காட்டினாள்.

முதலாளியிடம் லீவு கேட்டுவிட்டேன். முறைத்தார், பிறகு போ என்றார். மாற்று ஆள் வந்ததும் புறப்படுவேன்.

அதுவரை காத்திருக்காதே. டாக்டரைப் பார்க்கப் பயப்படுகிறவர்களை நீ கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைப்பாயாமே, ராஜம் பெருமையாகச் சொல்லுவாள். ஒரு தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் நீ உட்காரு. நர்சாக இல்லை, சும்மா சௌந்தரமாக. டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல். அழுகை வந்தால் அழு, உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அம்மன் உன் பக்கம் இருக்கட்டும்.

உன்
வயிரவன்