சிற்றாற்றுத் திட்டில் ஆலாக்கள்

16 ஏப்ரல் 1961, ஞாயிறு
சிற்றாற்று மணல் திட்டில் ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன. முப்பது ஜோடியாவது இருக்கும். கூடென்று ஒன்றும் கிடையாது. மணலில் ஒரு குழி, இரண்டு மூன்று முட்டை. பாலத்து வேலைக்கு மணல் அள்ளும் வண்டிகள் 26-ஆம் தேதி புதன்கிழமை இங்கே வந்துவிடும். ஆற்றில் வேறு திட்டு மிச்சமில்லை.

18, செவ்வாய்
வண்டிகளை நிறுத்தச் சொல்லித் தாசில்தாரிடம் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மணல்தானம்மா இருக்கு?" பொய்யில்லை. உட்கார்ந்த பறவையின் கறுப்புத் தலைகூடக் கூழாங்கல் போலத்தான் விழுந்திருக்கிறது. பறக்கும்போது எடுத்து வந்தால், குற்றாலத்தில் சாரல் விழும் வரை வண்டிகளை நிறுத்துவாராம்.

19, புதன்
ஸ்டூடியோ வைத்திருக்கும் தில்லைநாயகம் அத்தான் சிரித்தார். "மாப்பிள்ளைய அசையாம நில்லுன்னாலே நிக்க மாட்டேங்கான். நீ பறக்கதைப் புடிக்கப் போறியாக்கும்." ஆனாலும் நல்ல கேமராவைக் கொடுத்தார். சிறகு தெளிவாக விழ உச்சி வெயில் வேண்டுமாம்.

22, சனி
மூன்று நாளாக உச்சி வெயிலில் நிற்கிறேன். திட்டில் கால் வைத்ததும் எல்லாம் எழும்பித் தலைக்கு மேல் கத்துகின்றன. மூன்று ரோல் வீண். சிறகிருக்க வேண்டிய இடத்தில் புகை.

24, திங்கள்
ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருக்கும் பிச்சம்மாள் கூப்பிட்டாள்.
"யம்மா, நீ அங்கனயே நிக்கே. அது எப்படி வந்து உக்காரும்? வெயில்ல முட்டை வெந்துராதா?"
நாளை ஒரு நாள்தான் என்றேன். லைப்ரரிப் புத்தகத்திலேயே படித்திருக்கிறேனே — வெயில் காலத்தில் தாய் உட்காருவது நிழலுக்குத்தான் என்று. தெரிந்துதான் நின்றேனா?

25, செவ்வாய்
எடுத்துவிட்டேன். விரிந்த சிறகு, பிளந்த வால், கீழே திட்டு முழுவதும். திரும்பும்போது ஒரு முட்டையைத் தொட்டேன். சுட்டது.

26, புதன்
தாசில்தார் உத்தரவு போட்டுவிட்டார். வண்டிகள் வரவில்லை. அத்தான் எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார். என்னால் தின்ன முடியவில்லை.

8 மே, திங்கள்
மூன்று வாரத்தில் பொரிக்க வேண்டும்; ஒரு குஞ்சுகூட இல்லை. பறவை விட்டுப் போன குழியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்தேன். உள்ளே அலகு இருந்தது. கண் இருந்தது. எத்தனை மணி நேரம் நின்னேன் நான்? பிச்சம்மா சொன்னாளே. சொன்னாளே.

14, ஞாயிறு
படத்தைச் சட்டம் போட்டுத் தாலுகா ஆபீசில் மாட்டியிருக்கிறார்களாம். வண்டிகள் திட்டைச் சுற்றித்தான் போகின்றன. நண்பகலில் ஒரே ஒரு ஆலா மட்டும், சூடு தணிக்க ஆற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, புதிதாக இட்ட முட்டைமேல் உட்கார்ந்தது. நான் கரையிலேயே நின்றேன். அது எழும்பவில்லை.