முக்கால் கரடிகள்

ஜனவரி 8, திங்கள்

இன்று வகுப்பில் இருந்தவர்கள்: பிள்ளைகள் பதினேழு பேர் (பதிவேட்டில் இருபத்திரண்டு, ஐந்து பேருக்குச் சளி), டீச்சர், நான். பள்ளியை நடத்தும் பெரிய மேடம் கதவு வரை வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவரையும் சேர்ப்பதா என்று யோசித்தேன். உள்ளே கால் வைக்கவில்லை, சேர்க்கவில்லை.

மழலையர் வகுப்பில் உதவியாளராக இருந்த பெண் பிரசவத்துக்குப் போனதால் டிசம்பரிலிருந்து நான் போகிறேன். பசை கலக்குவது, காகிதம் வெட்டுவது, மூக்குத் துடைப்பது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கத்தரி அத்தை. அந்தப் பெண் இனி வரப்போவதில்லையாம். டீச்சர் இன்று குல்லாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த இடம் காலியாகுதுக்கா. பெற்றோர் தினம் முடிஞ்சதும் மேடம் முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் வாயை அடக்கிட்டு இருங்க."

எனக்கு அந்த வேலை வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். வேண்டும். காலைப் பிரார்த்தனையில் கடவுளிடமும் இதைத்தான் கேட்டேன், சுற்றி வளைக்காமல். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். மீதியை நூலகத்தில் படித்தேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு அறை முழுக்க என் வரவுக்காகக் காத்திருக்கிறது.

குளிர்கால மிருகங்கள் செய்கிறோம். இன்று கரடி. வட்டத்தை இரண்டு முறை மடித்துப் பிரித்து, ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் முக்கால் வட்டம் உடம்பு. வெட்டி எடுத்த கால் வட்டம் தலை. கால்களுக்குப் பட்டைத் துண்டுகள், ஒரு கரடிக்கு நாலு. பதினேழு பேருக்கு அறுபத்தெட்டு எண்ணிக் கொடுத்தேன். ஒட்டி முடிந்து மேசையைத் துடைத்தபோது பதினேழு பட்டைகள் மிச்சம். என் கணக்கு தப்பாது. மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய பதினேழு கரடிகளுக்கும் மூன்று மூன்று கால்.

"நாலு கால் கொடுத்தேனே, ஏன் மூணு மட்டும் ஒட்டினீங்க?"

வக்கீல் எழுந்து நின்றாள். நாலரை வயது. எதற்கும் வாதாடுவாள் என்பதால் நான் வைத்த பெயர். "நீங்கதானே அத்தை சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"முக்கால் எடுங்க, முக்கால் ஒட்டுங்கன்னு." விரலை மடக்கிக் காட்டினாள். "ஒரு கால், ரெண்டு கால், முக்கால்."

 வாத்தியார் இல்லாமல் வடிவியல் படித்தவளை நாலரை வயது மடக்கிப் போட்டுவிட்டது. டீச்சர் சிரித்துச் சிரித்துப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்து எழுந்தாள்.

ஜனவரி 9, செவ்வாய்

தப்பு என்னுடையது. ஆகவே திருத்தப் போனேன். பதினேழு பட்டைகளையும் ஒரு தட்டில் வைத்து, யாருக்கு நாலாவது கால் வேண்டும் என்று கேட்டேன். யாரும் கை நீட்டவில்லை.

"என் கரடிக்குக் குளிருது. ஒரு காலை உள்ள மடக்கி வச்சிருக்கு," என்றான் எப்போதும் மூக்கொழுகும் பையன்.

"என்னோடது ஒரு காலைத் துவைக்கப் போட்டிருக்கு. இன்னும் காயல," என்றாள் இன்னொருத்தி.

பட்டாணி மட்டும் (வகுப்பிலேயே சின்னவன்) இரண்டு பட்டை எடுத்து ஐந்து காலாக்கினான். அது வேகமாக ஓடுமாம்.

சளி தீர்ந்து இன்று வந்த மூன்று பேருக்கு நான் மிகத் தெளிவாக, "நாலு கால், நாலு" என்றேன். பன்னிரண்டு கொடுத்தேன். வக்கீல் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். மூன்று திரும்பி வந்தது.

ஆக மிச்சம் பதினெட்டு. விட்டுவிட்டேன். இது பிழை இல்லை. அவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

ஜனவரி 10, புதன்

சளியில் இருந்த மீதி இரண்டு பேரும் இன்று வந்து கரடி செய்தார்கள், மூன்று கால்தான். பசை இன்னும் காயவில்லை. குளிரில் அதுவும் முரண்டு பிடிக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

பெரிய மேடம் இன்று உள்ளேயே வந்தார். கொடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன இது? கரடியா, முக்காலியா?"

வாயை அடக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. "முக்காலிக்கு மூணு கால்தானே மேடம். பிள்ளைங்களும் அதைத்தான் சொல்றாங்க," என்றேன். டீச்சர் திரும்பி நின்று பென்சில் சீவத் தொடங்கினாள். அதற்கு முன்பே கூராக இருந்த பென்சில்.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாகச் சொன்னார்: "போன வருஷம் ஆறு பிள்ளைங்க வேற பள்ளிக்குப் போயிட்டாங்க. அவங்க அம்மா அப்பா பாடம் கேட்டுட்டா போனாங்க? சுவத்தைப் பார்த்துட்டுப் போனாங்க. பெற்றோர் தினத்துக்குச் சுவர் நல்லா இருக்கணும். உங்க கை சுத்தமான கை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இருபத்திரண்டு கரடி செஞ்சு கொண்டாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை பேரை எழுதிடுங்க."

"இதெல்லாம்?"

"பெட்டியில போட்டு வைங்க."

பிறகு வாசலில் திரும்பி, "அந்த உதவியாளர் இடத்துக்கு உங்க பேரைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பிறக்கவில்லை.

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

ஜனவரி 17, புதன்

மதியம் முழுக்க வெட்டினேன். இருபத்திரண்டு உடம்பு, இருபத்திரண்டு தலை, நாற்பத்துநாலு காது, எண்பத்தெட்டு கால். வீணானது ஒன்றும் இல்லை. அழகாகவே வந்தது, பொய் சொல்வானேன். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டிவிட்டு நாலு மணிக்கு வந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கக் கரடி. "உட்கார எனக்கு இடம் இருக்கா, இல்ல நானும் ஒட்டிக்கணுமா?" என்றார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "கடையில வாங்கினது மாதிரி இருக்கு," என்றார். பாராட்டுத்தான். நான் அதை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

பேர் எழுத உட்கார்ந்தேன். முதல் கரடி. வக்கீலின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். போகவில்லை.

அவள் செய்யவில்லை. நான் செய்தேன். அவள் பெயரை எழுதினால் அது என்ன? காலையில் கண்ணை மூடிக்கொண்டு 'என் நாவைப் பொய்யிலிருந்து காப்பாற்று' என்று கேட்கிறவள், மதியம் இருபத்திரண்டு பொய்யைக் கையால் எழுதுவதா? அதுவும் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் பெயரால்.

மகளிடம் சொன்னேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு காகிதக் கரடிக்காக வேலையை விடுவியா? எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதான் நடக்குது."

"எல்லாரும் செஞ்சா பொய் நிஜமாயிடுமா?"

"ஆரம்பிச்சுட்டா," என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் தட்டைத்தான் பார்ப்பார்.

பிறகு அதே தட்டைப் பார்த்தபடி, "உனக்கு அந்த வேலை எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும்மா," என்றார். நான் சொல்லவே இல்லையே. எப்படித் தெரியும்?

ஜனவரி 18, வியாழன்

கடவுளே, வேலையைக் கொடு என்று இன்று கேட்கவில்லை. நாக்கு தடுமாறாமல் இருந்தால் போதும் என்றேன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

ஜனவரி 19, வெள்ளி

கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தேன்.

"பேரு எங்க?"

"நான் எழுதல மேடம். நான் செஞ்சதுக்குப் பிள்ளைங்க பேரை என் கையால எழுத மாட்டேன். மாதிரிக்குன்னு மாட்டுங்க. 'உதவியாளர் செய்த மாதிரி'ன்னு ஒரு அட்டை எழுதித் தர்றேன். பிள்ளைங்களோடதைப் பக்கத்துல மாட்டுவோம்."

"நான் உங்ககிட்ட யோசனை கேட்டேனா?"

"கேக்கல."

"இதுல என்ன பெரிய தர்மசங்கடம் உங்களுக்கு? யாருக்கு என்ன நஷ்டம்?"

"பிள்ளைங்களுக்குத்தான். அவங்க செஞ்சது பெட்டிக்குள்ள போகுதே. செய்யறது நல்லா இல்லன்னா ஒளிச்சு வச்சிடணும்னு இந்த வயசிலயே கத்துக்குவாங்க."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும், வார்த்தை நடுங்கவில்லை. மேடம் மணியை அடித்து டீச்சரைக் கூப்பிட்டார். "நீ எழுது." டீச்சர் என்னைப் பார்க்காமல் கரடிகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள். அவள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

என் மேல்தான் அதிகம். பேர் எழுதவில்லை என்று பெருமை என்ன வேண்டியிருக்கிறது? வெட்டியது யார்? அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அழகாக வெட்டிக் காட்டும் ஆசை. அந்த ஆசைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

மாட்டிவிட்டார்கள். வக்கீல் சுவரின் முன் நின்று நாலு கால்களையும் தொட்டு எண்ணினாள். "இது யாரோடது?"

கீழே அவள் பெயர். நல்லவேளை, இன்னும் படிக்கத் தெரியாது.

"நான் செஞ்சது," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், பெரிய மனதோடு.

ஜனவரி 27, சனி

பெற்றோர் தினம். இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்தார்கள், முப்பத்தொன்பது பெரியவர்கள். சுவரைப் படம் எடுத்தார்கள். மேடம் புதுச் சேலையில் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்தார். எங்கே போனாலும் என்னை ஒரு கண்ணால் பார்த்தபடியே. ஒரு மூலையில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தால் இன்றைய பொழுது போய்விடும் என்று நினைத்தேன். பேசாமலிருப்பது பொய் இல்லையே என்று மனதுக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் கூட அப்படி வாதாட மாட்டாள்.

பட்டாணியின் அம்மா நர்ஸ். வேலைக்குப் போகும் உடையிலேயே வந்திருந்தாள். அவன் பெயர் போட்ட கரடியின் முன் நின்று, பிறகு என்னிடம் வந்தாள். பின்னாலேயே மேடம்.

"இதை இவனேதான் செஞ்சானா? வீட்டுல இவனுக்குக் கத்தரி பிடிக்கவே வராது."

மேடம் சிரித்துக்கொண்டு, "எல்லாம் பிள்ளைங்க கைவண்ணம்தான்," என்றார். நர்ஸ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தலையாட்டல் போதும். வேலை கைக்குள். ஒரே ஒரு தலையாட்டல்.

"இல்லம்மா. இது நான் செஞ்சது. இங்க இருக்கிற இருபத்திரண்டும் நான் செஞ்சது. உங்க பையன் செஞ்சது பெட்டியில இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். பெட்டி மேல்தட்டில். எட்டவில்லை. நாற்காலி தேடியபோது டீச்சர் வந்து, என் தலைக்கு மேலே கையை நீட்டி, பெட்டியை இறக்கிக் கொடுத்தாள்.  அவள் முகம் சிவந்திருந்தது.

பட்டாணி தன் ஐந்து கால் கரடியை ஆயிரம் கரடியிலும் கண்டுபிடிப்பான். நர்ஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, "எதுக்குடா இத்தனை காலு?" என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். முடிக்கவே இல்லை. "இவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல," என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

பிறகு எல்லோருக்கும் பெட்டி வேண்டும். எல்லோருக்கும் பிடித்தது என்று எழுத மாட்டேன். மூக்கொழுகியின் அப்பா, "இதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம்?" என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு பேர் சுவரில் இருந்ததையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தையல்கார அப்பா ஒருவர் மட்டும் மூன்று காலுக்குக் காரணம் கேட்டு, வக்கீலிடம் முழு விளக்கமும் வாங்கிக்கொண்டு, "வழக்கு உன் பக்கம்தான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

மேடம் போகும்போது என்னிடம் ஒரே வாக்கியம்: "திங்கட்கிழமை வர வேண்டாம். சொல்லியனுப்பறேன்."

வீட்டில் சொன்னேன். மகள் என் பங்குப் பாத்திரத்தைக் கழுவினாள்.

ஜனவரி 30, செவ்வாய்

சொல்லியனுப்பவில்லை. வீட்டைப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். வருத்தம் இருக்கிறது. வருந்துகிறேன் என்பதால் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

டீச்சர் வீட்டுக்கே வந்து ஒரு உறையைக் கொடுத்தாள். "மேடம் மூணு தடவை கிழிச்சு எழுதினாங்கக்கா," என்றாள். நர்ஸ் தன் இளைய மகளையும் வரும் பருவத்துக்குச் சேர்த்திருக்கிறாளாம். விண்ணப்பத்தில் காரணமாக எதை எழுதினாள் என்று மட்டும் டீச்சர் சொல்லவில்லை. உள்ளே வேலைக்கான கடிதம், ஐந்து நிபந்தனைகள், கீழே கையெழுத்துக்கு இடம்.

எழுதிக் கொடுத்த பதிலின் நகல்:

மேடத்துக்கு வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உதவியாளர் வேலைக்கு எனக்குச் சம்மதம். பெற்றோர்கள் முன்னால் உங்கள் பேச்சை மறுக்கும்படி ஆனதற்கு வருந்துகிறேன். மறுத்ததற்கு வருந்தவில்லை. நேரத்துக்கு வருவது, கழுவுவது, துடைப்பது, விடுப்பை முன்கூட்டிச் சொல்வது ஆகிய நான்கு நிபந்தனைகளுக்கும் கட்டுப்படுகிறேன். "காட்சிக்கு வைக்கும் பிள்ளைகளின் வேலைகளை உதவியாளர் சீராக்கித் தர வேண்டும்" என்ற ஐந்தாவது வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். கை தவறி அடித்தது அல்ல. இப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா, முடியாதா என்று திங்கட்கிழமைக்குள் பதில் தெரிவிக்கவும்.